அதிகாரியின் பெட்டி
பட்டாளமும் பண்டமும் – 17

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, வாள் கொடுக்கவில்லை. சீருடை, தொப்பி, சேணம், கட்டில், நாற்காலி, முகம் கழுவும் கிண்ணம் எல்லாமே அவரவர் கைக்காசு. சிப்பாய்க்குத் துப்பாக்கியும் கம்பளியும் கிடங்கிலிருந்து வந்துவிடும். அதிகாரியோ கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அதற்கும் முன்னால் பதவியையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காலாட்படையின் கடைநிலை அதிகாரியான என்சைன் பதவிக்கு அரசு நிர்ணயித்த விலை 450 பவுன். லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுன். இந்த வியாபாரத்துக்கு 1871-இல்தான் முற்றுப்புள்ளி விழுந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பதவி விற்பனை கிடையாது. கம்பெனி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு இருந்தால் போதும், பதினாறு வயதுப் பையன் கேடட் ஆகிவிடுவான். ஆனால் மூட்டை கட்டும் செலவில் அவனுக்கும் சலுகை இல்லை. மெட்ராஸுக்குக் கப்பல் ஏறப்போகும் பையனுக்கு என்னென்ன வாங்கித் தர வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்லவே கையேடுகள் வந்தன. கேப்டன் தாமஸ் வில்லியம்சன் 1810-இல் எழுதிய ‘ஈஸ்ட் இந்தியா வேடி மேகம்’ அவற்றில் பேர்பெற்றது. சட்டையை டஜன் கணக்கில் வாங்கச் சொல்லும் இந்தப் பட்டியல்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவர நாலைந்து மாதம், சில சமயம் ஆறு மாதம். கப்பலில் துணி துவைக்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் கிடையாது. அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அத்தனை சட்டையையும் அடக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. இன்று பழம்பொருள் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுத் தேடும் ‘ராணுவ அதிகாரியின் பெட்டி’ இப்படித்தான் பிறந்தது.

சட்டை மட்டும்தான் உள்ளே போனது என்றில்லை. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, 1796-இல் தன் 33-ஆம் படைப்பிரிவோடு சேர்ந்துகொள்ள இந்தியாவுக்குப் புறப்பட்டபோது பெட்டி நிறையப் புத்தகங்களை வாங்கிக்கொண்டார். இந்திய வரலாறு, பாரசீக இலக்கணம், சீசரின் போர்க் குறிப்புகள், வால்டேர், ஸ்விஃப்ட் என்று கலவையான சுமை. இருபத்தேழு வயதுக் கர்னல் கப்பலில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தார். பட்டாளத்துக்காரனின் பெட்டிக்குள் சாராயப் புட்டிதான் இருக்கும் என்று முடிவுகட்டுவோருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். புட்டியும் இருந்தது, அதைப் பிறகு பார்ப்போம்.

லண்டனிலும் டப்ளினிலும் இந்தப் பெட்டிகளுக்கென்றே கடைகள் முளைத்தன. டப்ளின் எல்லிஸ் கீயில் இருந்த ‘ரோஸ்’ கடைப் பொருளுக்கு இன்று ஏலத்தில் தனி மரியாதை. அந்த நகரத்தில் பெரிய பாசறை இருந்ததால் வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. லண்டனில் எஸ். டபிள்யூ. சில்வர் கம்பெனி. அதிகாரிகளுக்குத் துணிமணியும் பெட்டியும் விற்றுச் செழித்த இந்தக் குடும்பம், 1850-களில் தேம்ஸ் நதிக்கரையில் ரப்பர் ஆலை போட்டது. ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதிக்குச் சில்வர்டவுன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெட்டியின் அமைப்பில் அலங்காரம் என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொல்லை இருக்கிறது. அந்தத் தொல்லைகளில் பெரும்பங்கு நம் மெட்ராஸ் கடற்கரையைச் சேர்ந்தது.

அன்றைய மெட்ராஸில் துறைமுகமே இல்லை. கப்பல் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரம் போடும். அங்கிருந்து மசூலா படகுகளில் ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகை அலை ஒரே அடியில் பிளந்துவிடும். மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நாரால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும், தையல் வழியே தண்ணீரும் உள்ளே வரும். படகோட்டிகள் பாட்டுக் கட்டித் துடுப்புப் போட, பக்கத்தில் கட்டுமரக்காரர்கள் காவலாக வர, மூன்று வரிசை அலைகளைத் தாண்டிக் கரையைத் தொடும்போது உள்ளே இருந்தவர்கள் தொப்பலாக நனைந்திருப்பார்கள். படகு கவிழ்ந்தால் பெட்டி மணலில் உருளும். 1860-களில் இரும்புக் கால்கள் நட்டு ஒரு பாலம் கடலுக்குள் நீண்டது. 1870-களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர் புயல் வந்து உடைத்துப் போட்டது. ஆகவே கம்பெனி காலம் முழுக்க, மெட்ராஸ் படை அதிகாரி ஒவ்வொருவரின் பெட்டியும் செம்படவர்கள் கையில் உப்புத் தண்ணீர் குடித்துத்தான் கரை ஏறியது.

மூலைக்கு மூலை பித்தளைத் தகடு வந்த காரணம் இதுதான். மரப்பெட்டி விழுந்தால் முதலில் சிதறுவது மூலை. இரும்புத் தகடு உப்புக் காற்றில் துருவேறி மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பித்தளை பச்சை பூக்குமே தவிர உளுத்துப் போகாது. தகடு மரத்தின் மேல் துருத்திக்கொண்டிருக்காமல், மரத்தைச் செதுக்கிச் சமமாகப் பதித்திருப்பார்கள். கைப்பிடியும் அப்படியே. பெட்டியின் பக்கவாட்டில் குழி வெட்டி, அந்தக் குழிக்குள் பிடி மடங்கிப் படுத்துக்கொள்ளும். வண்டியில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது எதுவும் மாட்டாது, எதுவும் உடையாது.

இழுப்பறை வைத்த பெட்டியில் வேலைப்பாடு இன்னும் கூடுதல். நேரில் பார்த்தால் மூன்றடி அகலத்தில் சாதாரண மேசை அலமாரி மாதிரி நிற்கும். குனிந்து நடுவில் பார்த்தால் ஒரு கோடு தெரியும். மேல்பாதியைத் தூக்கினால் தனியாக வந்துவிடும். கீழிருக்கும் நான்கு குமிழ்க் கால்களும் மரத்திருகு; சுற்றிக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டுக்கொள்ளலாம். மேல்பாதியில் ஓர் இழுப்பறையின் முகப்பலகை முன்பக்கம் மடிந்து எழுது பலகை ஆகும். உள்ளே மைக்கூட்டுக்கும் கடிதத்துக்கும் சின்னச் சின்ன அறைகள். இரண்டு பாதிகளையும் வைத்து மூடிக் கொண்டுவரும் வெளிப்பெட்டிகள் முகாமில் துணி மாட்டும் அலமாரியாகவும் உழைத்தன.

இரண்டாக ஏன் பிரித்தார்கள்? மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இரண்டு விலா என்பதால்தான். ஒரு பக்கம் மட்டும் சுமை தொங்கினால் சேணம் சரியும், முதுகு புண்ணாகும். சம எடையில் ஜோடிப் பெட்டி வேண்டும். அன்றைய கடைக்காரர்கள் ‘பொதிமாட்டுப் பெட்டி’ என்றே ஜோடியாக விற்றார்கள். வடமேற்கு எல்லையின் மலைப்பாதைகளில் யக்தான் என்ற தோல் போர்த்திய பெட்டி ஜோடிகள் கோவேறு கழுதை மேல் ஏறின. கோவேறு கழுதை சுமக்கும் எடை சுமார் 160 ராத்தல், ஒட்டகம் சுமார் 400 ராத்தல் என்று படைக்கணக்கு. எந்தத் தச்சன் எந்த ஊரில் செய்தாலும் பெட்டியின் நீள அகலத்தைத் தீர்மானித்தது அந்த மிருகத்தின் முதுகுதான். பல்லக்குப் பயணத்தில் மிருகமும் கிடையாது. இரண்டு தகரப் பெட்டிகளை மூங்கிலின் இரு முனையிலும் தொங்கவிட்டு, நம் ஊர்க் காவடிபோலவே தோளில் சுமந்து ஓடினார்கள்.

மெட்ராஸ் மணலில் கால் வைத்த கேடட்டை எதிர்கொள்பவர் துபாஷி. தங்க இடம், வேலையாட்கள், கைமாற்றுக் கடன், பெட்டி தூக்க ஆள் என்று எல்லாம் அவர் ஏற்பாடு. பையனின் பெட்டியைப் பார்த்தே குடும்பத்தின் வசதியை எடைபோட்டுக் கடனின் அளவைத் தீர்மானித்திருப்பார் என்பது என் ஊகம். பெட்டியில் பித்தளை எவ்வளவு என்பது அன்று சமூக அந்தஸ்தும்கூட.

ஆனால் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மகோகனிப் பெட்டிக்கு இந்த மண்ணில் ஆயுள் குறைவு. ஒரு கோடை, ஒரு மழைக்காலம் முடிந்ததும் பலகை விரியும், பசை விடும். கரையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சீருடைக் கம்பளியில் அந்துப்பூச்சி ஓட்டை போடும். சரிகை கருத்துப் போகும். அனுபவப்பட்ட அதிகாரிகள் தேக்குக்கும், அதைவிட ஆசையாகக் கற்பூர மரத்துக்கும் மாறினார்கள். கற்பூர மரப்பெட்டி சீனாவின் கான்டனிலிருந்து வந்தது. கம்பெனியின் தேயிலை வியாபாரத்தோடு ஒட்டிய துணைச்சரக்கு அது. பித்தளைப் பட்டை கட்டியது ஒரு ரகம். தோல் போர்த்தி, சிவப்போ பச்சையோ சாயம் தீட்டி, பித்தளை ஆணிகளால் கோலமிட்டது இன்னொரு ரகம். இடம் மிச்சப்படுத்த ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அனுப்புவார்கள். மரத்தின் வாசனையே பூச்சிக்கு ஆகாது. நூற்றைம்பது வருடம் கழிந்த பெட்டியில்கூட உட்புறப் பலகையைக் கொஞ்சம் தேய்த்தால் அந்த வாடை மூக்கில் ஏறும்.

கான்டனோடு மெட்ராஸ் படைக்கு வேறொரு தொடர்பும் உண்டு. முதல் அபினிப் போரில் 37-ஆம் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி அங்கே போய்ச் சண்டையிட்டது. 1841 மே மாதக் கடைசியில், கான்டனுக்கு வெளியே சன்யுவான்லி கிராமத்தருகே கொட்டிய மழையில் அந்தப் படையின் ஒரு பிரிவு வழிதவறிவிட்டது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. சூழ்ந்துகொண்ட ஊர்மக்களைத் துப்பாக்கி முனைக் கத்தியைக் கொண்டே தடுத்து நின்றார்கள், மீட்க ஆள் வரும்வரை. சீன வரலாற்றுப் புத்தகங்களில் சன்யுவான்லி பெரிய மக்கள் எழுச்சி. நம் பாடப்புத்தகங்களில் அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு வரி கிடையாது.

சுமைக்கு எல்லை உண்டு என்பதை பிரிட்டிஷ் அதிகாரிகள் கற்றுக்கொண்டது ஆப்கானிஸ்தானில். கற்றுக்கொண்ட விதம் கொடியது. 1838-இல் காபூல் மீது புறப்பட்ட ‘சிந்துப் படை’யோடு 30,000 ஒட்டகங்கள் போயின. சண்டையிடும் ஆட்களைப்போல் இரண்டு பங்குக்கு மேல், 38,000 பேர், வேலைக்காரர்களும் வண்டிக்காரர்களும் குடும்பத்தாரும். பிரிகேடியர் ஒருவருக்கு மட்டும் ஐம்பது, அறுபது ஒட்டகச் சுமை. ஒரு படைப்பிரிவு சுருட்டுக்கு மட்டும் இரண்டு ஒட்டகம் ஒதுக்கியது. வேட்டை நாய்களும் கூடப் போயின. ஒயின் புட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காபூலில் பெட்டிகளைப் பிரித்து, வீடுபோல வாழத் தொடங்கினார்கள். 1842 ஜனவரி 6-ஆம் தேதி, முழங்கால் பனியில் ஜெனரல் எல்ஃபின்ஸ்டன் தலைமையில் பின்வாங்கியபோது 4,500 படைவீரர்களும் 12,000 பின்தொடர்வோரும் இருந்தார்கள். முதல் நாளிலேயே சுமையில் பெரும்பகுதி சூறையாடப்பட்டது. கூடாரமும் கம்பளியும் உணவும் அந்தச் சுமையோடு போய்விட்டதால், அடுத்தடுத்த இரவுகளில் துப்பாக்கிக் குண்டைவிடக் குளிர் அதிகம் பேரைக் கொன்றது. வங்காளப் படையின் சிப்பாய்கள் கைகால் விறைத்துச் செத்தார்கள். 13-ஆம் தேதி படை மருத்துவர் பிரைடன் குற்றுயிராக ஜலாலாபாத் கோட்டையை அடைந்தார். அன்றுதான் கண்டமக் குன்றில் 44-ஆம் படைப்பிரிவின் கடைசிக் கூட்டமும் வீழ்ந்தது. அங்கே கேப்டன் சூட்டர் என்பவர் படைக்கொடியை இடுப்பில் சுற்றியிருந்தார். பட்டுத் துணியைப் பார்த்த எதிரிகள் இவர் ஏதோ பெரிய ஆள், பணயத்தொகை கிடைக்கும் என்று எண்ணி உயிரோடு பிடித்தார்களாம். முப்பதாயிரம் ஒட்டகச் சுமையில் எதுவும் யாரையும் காப்பாற்றவில்லை.

காபூலில் போனவை போக, மீதிப் பெட்டிகள் எப்படிக் கை மாறின என்பது இன்னொரு கதை. இந்தக் கதை தெரியாமல் பெட்டி வாங்குவது பணத்துக்குக் கேடு.

இந்தியாவில் ஓர் அதிகாரி இறந்தால், அது பெரும்பாலும் காலராவாலோ காய்ச்சலாலோதான், அவருடைய சொத்தைச் சக அதிகாரிகள் அடங்கிய குழு பட்டியலிடும். மெஸ் கணக்கும் கடனும் தீர்க்கப்படும். பிறகு ஏலம். கடிதம், கடிகாரம், படம் போன்றவை வீட்டுக்குப் போகும். கட்டில், பெட்டி, சேணத்தைக் கப்பலேற்றினால் கூலி விலையைத் தாண்டிவிடும் என்பதால் பாசறையிலேயே ஏலம் போட்டுப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். கம்பெனி ஆவணங்களில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள் தொகுதி தொகுதியாக இன்னும் இருக்கின்றன. இன்னின்ன பொருளை இன்னார் இவ்வளவுக்கு எடுத்தார் என்று வரிக்கு வரி. முந்தின வாரம் ஒரே மேசையில் சாப்பிட்டவனின் பெட்டியை இன்று ஏலத்தில் எடுப்பது அவர்களுக்குச் சங்கடமாகப்படவில்லை; நாளை தன் பெட்டிக்கும் அதே கதி என்பது தெரிந்ததுதான்.

எடுத்தவர் முதலில் செய்யும் வேலை, பழைய பெயரின் மேல் கறுப்புப் பூசித் தன் பெயரை வெள்ளையில் எழுதுவது. அவரும் போனால் அடுத்தவர். ஒரே பெட்டியில் மூன்று நான்கு பெயர் அடுக்கடுக்காக இருக்கலாம். பகலில் நேராகப் பார்த்தால் கடைசிப் பெயர் மட்டும்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூடியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பூச்சுக்கு அடியில் பழைய எழுத்தின் விளிம்பு மேடு தட்டி நிழல் விழும். ஓர் எம், ஓர் என், ஓர் எண். அந்த மூன்று அடையாளம் போதும், பெட்டியின் வயதைச் சொல்லிவிடலாம்.

எப்படி என்றால், மெட்ராஸ் படையின் பெயரே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எண்ணுக்குப் பின் ‘எம்.என்.ஐ.’ என்று இருந்தால் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 1885-இல் ‘நேட்டிவ்’ என்ற சொல்லைப் படைப்பெயர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்த நடு எழுத்து இருந்தால் பெட்டி அதற்கு முந்தையது. ‘எம்.எஸ்.சி.’ என்றால் மெட்ராஸ் ஸ்டாஃப் கோர். 1861-இல் தொடங்கி 1891-இல் இந்தியன் ஸ்டாஃப் கோர் உருவானபோது அதில் கலந்துவிட்டது. ‘ஐ.எஸ்.சி.’ என்று பார்த்தால் 1891-க்கும் 1903-க்கும் இடையில். பெயருக்கு முன் ‘என்சைன்’ என்று இருந்தால் 1871-க்கு முன். அந்தப் பதவிப்பெயர் பதவி விற்பனையோடு சேர்ந்தே ஒழிந்தது.

1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகள் அத்தனைக்கும் ஒரே வரிசையில் புது எண் கொடுத்தார். மெட்ராஸ் காலாட்படைகளுக்குக் கணக்கு சுலபம், பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினால் புது எண். 13-ஆம் மெட்ராஸ், 73-ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி ஆனது. 23-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 83 ஆனது. ஆக, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து வாலாஜாபாத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் சுமந்த பெட்டி உலகின் எந்த மூலையில் கிடைத்தாலும், முன்னால் 23 இருக்கிறதா 83 இருக்கிறதா என்று பார்த்தாலே நூற்றாண்டு தெரிந்துவிடும். 1922-க்குப் பிறகு அந்த எண்களும் போயின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெட்ராஸ் காலாட்படையையே கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1941-இல் மறுபடி எழுப்பினார்கள்.

பெயர் முழுதாகக் கிடைத்துவிட்டால் இன்னும் வசதி. கம்பெனி அதிகாரிகளின் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் ‘ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர்’ என்ற வெளியீட்டில் ஆண்டுதோறும் அச்சானது. எந்த ஆண்டு வந்தார், எப்போது கேப்டன் ஆனார், எந்த ஆண்டுக்குப் பிறகு பெயர் காணாமல் போகிறது என்று பார்த்துவிடலாம்.

பெயரே இல்லாத பெட்டிக்குப் பூட்டு சாட்சி. கிரீடத்தின் பக்கத்தில் ‘வி.ஆர்.’ என்று முத்திரை இருந்தால் விக்டோரியா காலம், 1837-இலிருந்து 1901. ‘டபிள்யூ.ஆர்.’ என்றால் நான்காம் வில்லியமின் குறுகிய ஏழு வருடம். அதனால் அது கொஞ்சம் அரிது. பிரமா பூட்டுக்கு 1784-இல் காப்புரிமை, சப் பூட்டுக்கு 1818-இல். ஆணியும் பேசும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை திருகாணியின் முனை மழுங்கல். தலையின் வெட்டு சற்றே கோணலாக, நடுவை விட்டு விலகி இருக்கும். ஏனென்றால் கையால் அரம் போட்டு வெட்டியது. கூம்பிய முனை அதற்குப் பிறகு வந்தது. தலையில் கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930-களின் சரக்கு. விக்டோரியா காலத்துப் பெட்டி என்று சொல்லி விற்பவரிடம் கீலைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

போலி நிறைய. பழைய வீட்டு உத்திரத்துத் தேக்கை அறுத்துப் புதிதாகச் செய்து, பித்தளைப் பட்டை அடித்து, தேநீர்ச் சாயம் ஏற்றி விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. மரம் நிஜமாகவே பழசு என்பதால் கண் ஏமாறும். தகட்டைப் பாருங்கள். உண்மையான பெட்டியில் தகடு தடிப்பாக, மரத்தோடு விரல் தட்டாமல் ஒரே மட்டமாக இருக்கும். போலியில் மெல்லிய தகட்டை மரத்தின் மேலேயே ஒட்டி அடித்திருப்பார்கள். மரத்தைச் செதுக்கிப் பதிக்கக் கூலி கட்டாது. இன்னொரு வகை மோசடி, பெட்டி அசல், பெயர் போலி. போர்முனையில் புகழ்பெற்ற படைப்பிரிவு ஒன்றின் பெயரைப் புதிதாக எழுதிவிட்டால் விலை எகிறும். இதற்குக் கீறலைப் பார்க்க வேண்டும். எழுத்தின் மேல் கீறல் ஓடினால் நல்லது. கீறலுக்குள் வெள்ளைப் பெயின்ட் இறங்கியிருந்தால் எழுத்து பின்னால் வந்தது.

இதையெல்லாம் சொல்லி என்ன பயன்? அசல் பெட்டி கிடைத்தவர் முதல் வேலையாகத் தச்சரைக் கூப்பிட்டு உப்புத்தாள் போடச் சொல்கிறார். கறுப்பு, வெள்ளை, மசி, கப்பல் கம்பெனி ஒட்டிய ‘பயணத்தின்போது தேவையில்லை’ என்ற சீட்டு எல்லாம் ஒரு மத்தியான வேலையில் தூசாகிவிடும். வார்னிஷ் ஏறி, பித்தளை பளபளத்து, வரவேற்பறையில் கண்ணாடி போட்ட டீப்பாய் ஆகிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இனி யாருடைய பெட்டியும் அல்ல. விலையிலும் இது தெரியும். பெயரோடு உள்ள அழுக்குப் பெட்டிக்கும் பெயரழிந்த பளபளப்புப் பெட்டிக்கும் இடையில் விவரம் தெரிந்தவர்கள் எதை எடுப்பார்கள் என்பதை எந்த ஏலத்திலும் பார்க்கலாம். உலர்ந்த துணியால் துடையுங்கள், தேன்மெழுகு கொஞ்சம் போடுங்கள், அத்தோடு விடுங்கள். கரையான் இருந்தால் மட்டும் வைத்தியம்.

மரப்பெட்டியின் காலம் முடிந்ததற்கு ரயிலும் நீராவிக் கப்பலும் முதல் காரணம். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. டஜன் டஜனாகச் சட்டை தேவையில்லை. இரண்டாவது காரணம் தகரம். கறுப்பு அரக்குப் பூசிய, காற்றுப் புகாத தகரப் பெட்டிக்குள் சீருடையை வைத்தால் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. விலையும் மலிவு. 1871-இல் சில அதிகாரிகள் ஒயினை மொத்த விலையில் வாங்குவதற்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் ஆனது. தலையணை போன்ற அதன் விலைப்பட்டியலில் கூடாரம் முதல் கற்கண்டு வரை கிடைக்கும். 1891-இல் பம்பாயிலும் 1901-இல் கல்கத்தாவிலும் கிளை திறந்தார்கள். அதன்பின் டப்ளின் தச்சனுக்கு என்ன வேலை?

1914-இல் போர் வந்தபோது இளநிலை அதிகாரி போர்முனைக்குக் கொண்டுபோகக்கூடிய மூட்டை 35 ராத்தல் என்று அளவு வைத்தார்கள். கித்தான் துணியில் படுக்கையைச் சுருட்டிக் கட்டும் வுல்ஸ்லி வலீஸ் மரப்பெட்டியின் இடத்தைப் பிடித்தது. நம் ரயில் பயணங்களில் ஒரு தலைமுறை தூக்கிச் சுமந்த ஹோல்டாலுக்கு அது நெருங்கிய உறவு. இறந்த அதிகாரியின் உடைமைகளை இப்போது ஏலம் விடாமல் வீட்டுக்கே அனுப்பினார்கள். அந்த வேலையைச் செய்தது காக்ஸ் அண்ட் கோ. காக்ஸ் அண்ட் கிங்ஸ் என்ற பயண நிறுவனத்தின் பூர்வீகம் இந்த ராணுவ முகவர் தொழில்தான்.

உடைமைகள் திரும்புவது ஆறுதல் என்று நினைத்திருப்பார்கள். 1915 டிசம்பர் 23 அன்று பிரான்ஸில் இருபது வயது ரோலண்ட் லெய்ட்டன் காயத்தால் இறந்தார். அடுத்த மாதம் அவர் மூட்டை தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிரித்தபோது அங்கே இருந்தவர் அவரை மணக்கவிருந்த வேரா பிரிட்டன். குண்டு துளைத்த சட்டை, இரத்தம், சேற்றோடு கலந்த பிண வாடை. தாயால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. வேரா பிரிட்டன் 1933-இல் எழுதிய ‘டெஸ்டமென்ட் ஆஃப் யூத்’ நூலில் அந்த நாளைப் படித்தவர்களுக்கு, முதல் உலகப்போர்க் கால அதிகாரியின் மூட்டையை ஏலப்பொருளாக மட்டும் பார்ப்பது கொஞ்சம் கடினம். அந்தக் காலப் பெட்டி வாங்குவோர், உள்ளே பழைய துணியோ காகிதமோ இருந்தால் குடும்பத்தைத் தேடித் தெரிவிக்க ஒரு முயற்சியாவது செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாத சேகரிப்பாளர்கள் உண்டு.

1932-இல் டேராடூனில் இந்தியன் மிலிட்டரி அகாடமி திறந்தபோது, இந்திய இளைஞர்களும் அதே கறுப்புத் தகரப் பெட்டியோடுதான் உள்ளே போனார்கள். மூடியில் வெள்ளை எழுத்து: எண், பதவி, பெயர், யூனிட். காட்பாடி சந்திப்பில் விடுமுறை முடிந்து ரயிலேறும் ஜவானின் பெட்டியிலும் இன்று அதே வரிசைதான். வேலூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பரணில் இப்படி ஒன்று கிடக்கும். அரிசி, பத்திரம், கல்யாணப் பட்டு எல்லாம் அதற்குள். பழம்பொருள் வியாபாரிகள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எடைக்குத்தான் கேட்கிறார்கள். பர்மாவுக்கும் மெசபொட்டேமியாவுக்கும் போய்வந்த தாத்தாக்களின் பெட்டிகள் இப்படித் தகர விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விற்பதற்கு முன் மூடியை ஒரு முறை பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு அச்சிட்ட ரெஜிஸ்டர் இருக்கிறது. சிப்பாய்க்குப் பல சமயம் அந்த எண் ஒன்றுதான் பிடி.

அடுத்த இதழில்: மடக்குக் கட்டில்.